ஹெக்ஸம்: மலைக்கும் சமவெளிக்கும் நடுவே ஒரு சந்தை ஊர்

வீடு விற்பனைத் தளமான ரைட்மூவ், பிரிட்டனில் மக்கள் மகிழ்ச்சியோடு வாழும் ஊர் எது என்று 2019-இல் கேட்டபோது முதலிடம் ஹெக்ஸமுக்குக் கிடைத்தது. 2021-லும் அதே ஊர்தான். வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாண்ட் கவுண்டியில், நியூகாசில் நகருக்கு மேற்கே சுமார் 20 மைல் தள்ளி, டைன் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது அது. மக்கள்தொகை பதின்மூன்றாயிரம் அளவில். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் காட்டுவது பழைய தேவாலயம், கல் பாவிய சதுக்கம், தேநீர்க் கடை, சுற்றிலும் பச்சை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊர் ஏன் அங்கே முளைத்தது, இன்றைக்கும் ஏன் வெறும் சுற்றுலாத் தலமாகிவிடவில்லை என்று கேட்டால், சதுக்கத்தில் விடை கிடைக்காது. ரயில் நிலையத்துக்கு அருகே, டைன் கிரீன் சாலையில் இருக்கும் கால்நடை ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும். ஊரார் அதை 'மார்ட்' என்பார்கள்.

ஹெக்ஸமில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் கதை பாதி புரிந்துவிடும். வடக்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். அதற்கும் அப்பால் ஸ்காட்லாந்து எல்லை வரை கரடுமுரடான மேட்டுநிலம். தெற்கே ஹெக்ஸம்ஷயர் பொதுநிலமும் ஆலண்டேல் பள்ளத்தாக்கும், அவற்றைத் தாண்டி வட பென்னைன் மலைகளும். அங்கே மண் புளிப்பு, மழை அதிகம், கோதுமை விளையாது, புல்லும் ஹெதர் புதருமே மிச்சம். கிழக்கே போகப் போக டைன் பள்ளத்தாக்கு விரிந்து நல்ல மண் வருகிறது. ஊருக்குச் சற்று மேற்கே, வார்டன் கிராமத்துக்குப் பக்கத்தில் வட டைனும் தென் டைனும் ஒன்று சேர்கின்றன. இரண்டு மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து இறங்கி வரும் வழிகள் சமவெளியைத் தொடுகிற இடம் இது. மலையில் செம்மறி ஆடு உண்டு, தானியம் இல்லை. சமவெளியில் தானியம் உண்டு, ஆடு வேண்டும். இரண்டும் கைமாற ஓர் இடம் தேவைப்பட்டது.

ஊரின் தொடக்கம் சந்தை அல்ல, மடம். சுமார் 674-இல் எத்தல்டிரீடா அரசி கொடுத்த நிலத்தில் வில்ஃப்ரிட் ஆயர் இங்கே ஒரு மடாலயம் எழுப்பினார். அதன் நிலவறை இன்றும் அப்படியே இருக்கிறது. பக்கத்து கார்பிரிட்ஜில் பாழடைந்து கிடந்த ரோமானிய ஊரிலிருந்து எடுத்து வந்த கற்களால் கட்டியது. சில கற்களில் ரோமானிய எழுத்தும் செதுக்கு வேலையும் இப்போதும் தெரிகின்றன. மேலே தேவாலயத்துக்குள், துறவிகள் இரவு வழிபாட்டுக்கு இறங்கி வந்த தேய்ந்த படிக்கட்டின் அடியில் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. கொடி ஏந்திய குதிரைவீரன் ஒருவன் கீழே பதுங்கியிருக்கும் எதிரியின் மேல் ஏறிப் போகிற சிற்பம். அவன் பெயர் ஃபிளாவினஸ். ரோமானியக் குதிரைப்படையில் 7 ஆண்டு பணி செய்து 25 வயதில் இறந்தவன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஊருக்கு வருபவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது இந்தக் கல் என்பேன்.

மடம் வந்தால் யாத்திரிகர் வருவார்கள், யாத்திரிகர் வந்தால் கடை வரும். இடைக்காலத்தில் ஹெக்ஸமும் சுற்றுவட்டாரமும் யார்க் பேராயரின் தனி ஆட்சிப் பகுதியாக இருந்தன. 1572-இல்தான் நார்த்தம்பர்லாண்டோடு முழுமையாகச் சேர்ந்தன. 1330-களில் பேராயர் இங்கே ஒரு சிறைச்சாலை கட்டினார். சிறைக்கென்றே கட்டப்பட்ட கட்டடங்களில் இங்கிலாந்தின் மிகப் பழையது அது என்று சொல்கிறார்கள், இப்போது அருங்காட்சியகம். எல்லை நெடுகக் கால்நடைக் கொள்ளை நடந்த காலம் என்பதை நினைத்தால், சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் சிறை ஏன் என்பது விளங்கும். இங்கே செல்வம் என்றால் கால்மேல் நடக்கிற செல்வம். இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

இங்கிலாந்தின் சந்தை ஊர்கள் எவ்வளவு இடைவெளியில் அமைந்தன என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஹென்றி பிராக்டன் பெயரால் வழங்குவது. ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். அதை மூன்றாகப் பிரித்தால் முதல் பங்கு சந்தைக்குப் போக, இரண்டாம் பங்குப் பொழுது விற்க வாங்க, மூன்றாம் பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. ஆகவே ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குள் இன்னொரு புதிய சந்தை வந்தால் பழையதற்குக் கேடு, வழக்குப் போடலாம். துல்லியமாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டும். சமவெளிக் கவுண்டிகளின் வரைபடத்தில் இந்தக் கணக்கை இன்றும் ஓரளவு பார்க்கலாம். சந்தை என்பது அரசர் தந்த உரிமை. சுங்கம் வசூலிப்பவருக்கு அது சொத்து. மலைநாட்டில் கணக்கு மாறுகிறது. கார்பிரிட்ஜை விட்டால் ஹெக்ஸமுக்கு அடுத்த சந்தை ஊர்களான ஹால்ட்விசிலும் பெல்லிங்ஹாமும் 15 மைல் அளவில் தள்ளியிருக்கின்றன. ஆல்ஸ்டன் இன்னும் தூரம். ஆள் குறைவு, நிலம் பெரிது. அதனால் ஒரே ஊர் பெரிய பரப்புக்குச் சந்தையாகவும் நீதிமன்றமாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் ஆனது.

சதுக்கத்தில் தூண்கள் தாங்கிய ஒரு திறந்த கொட்டகை நிற்கிறது. 1766-இல் சர் வால்டர் பிளாக்கெட் கட்டிக் கொடுத்த சந்தைக் கொட்டகை. ஆலண்டேல் ஈயச் சுரங்கங்களில் சம்பாதித்த குடும்பம் அவருடையது. அதற்கு ஐந்தாண்டு முன், 1761 மார்ச் 9 அன்று, இதே சதுக்கத்தில் ரத்தம் ஓடியது. உள்நாட்டுக் காவல்படைக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பது என்று அரசு முடிவு செய்திருந்தது. பணக்காரன் காசு கொடுத்து மாற்றாள் அனுப்பிவிடுவான். ஏழைக் கூலிக்காரனும் சுரங்கத் தொழிலாளியும்தான் போக வேண்டும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள். யார்க்ஷயர் படை சுட்டதில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். கிராமத்தின் கோபம் வெளிப்படவும் சந்தைச் சதுக்கமே இடமானது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேறெங்கும் அத்தனை பேர் ஒன்றாகக் கூட வழியில்லை.

ஊரின் மற்ற தொழில்களும் ஆட்டைச் சுற்றியே வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெக்ஸம் தோல் கையுறைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. பதனிடும் தொட்டிகள் ஊருக்குள். தையல் வேலை வீட்டிலிருந்த பெண்களிடம். அந்தத் தொழில் போய்விட்டது. இன்று ஊரின் பெரிய தொழிற்சாலை ஆஸ்திரிய நிறுவனமான எக்கருடையது, மரத்தூள் பலகை செய்வது. அதற்கும் பின்னணி மலைதான்: முதல் உலகப் போரில் மரத்தட்டுப்பாடு வந்த பிறகு, 1926 முதல் ஸ்காட்லாந்து எல்லையோரக் கீல்டர் பகுதியில் ஆடு மேய்ந்த நிலத்தில் அரசு ஊசியிலை மரங்களை நட்டுக்கொண்டே போனது. ஆடு இருந்த இடத்தில் சிட்கா ஸ்புரூஸ் வந்தது. 1982-இல் அதே பகுதியில் பெரிய நீர்த்தேக்கமும் திறந்தார்கள்.

இனி ஆட்டு வியாபாரத்துக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கால்நடை பெரும்பாலும் ஆண்டுச் சந்தைகளில் விலைபோனது. கார்பிரிட்ஜுக்கு வடக்கே, ரோமானியச் சாலையோரம் ஸ்டாக்ஷா பேங்க் என்ற மேட்டில் நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று கூடும். ஸ்காட்லாந்திலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் நடத்தியே ஓட்டி வருவார்கள். 1835-இல் ஹெக்ஸமுக்கு ரயில் வந்தது; 1838-இல் நியூகாசிலும் கார்லைலும் முழுதாக இணைந்தன. நடந்து வந்த ஆடு வண்டியேறியது. மேட்டுச் சந்தை மெல்லத் தேய்ந்து 1920-களில் நின்றே போயிற்று. ரயிலடிக்குப் பக்கத்தில் ஏலக்கூடம் வளர்ந்தது.

ஏலம் வந்ததை வெறும் வசதி என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு முன் விவசாயி தெருவில் நின்று வியாபாரியோடு தனித்தனியே பேரம் பேச வேண்டும். வியாபாரிக்கு நாலு ஊர் விலை தெரியும். மலையிலிருந்து வந்தவனுக்கு அன்றைக்கு விற்றாக வேண்டிய அவசரம் மட்டுமே தெரியும். திரும்ப ஓட்டிக்கொண்டு போனால் புல் செலவு, நாள் செலவு. ஏலத்தில் விலை எல்லார் காதிலும் விழுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடு என்ன போனது என்று தெரியும். பணத்துக்கு ஏலக்கூடம் பொறுப்பு. வாங்கியவர் கடன் சொல்லி இழுத்தடிக்க முடியாது. சிறு விவசாயியின் கையில் இருக்கும் ஒரே பலம் இந்தத் திறந்த விலை என்று நான் நினைக்கிறேன். இதை இழந்த வட்டாரங்கள் அதற்கு ஈடாக எதையும் பெறவில்லை.

கூடத்தின் நடுவே வட்டமான களம். சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். ஒரு பக்கம் உயர்ந்த மேடையில் ஏலம் விடுபவர். ஒரு கதவு வழியே ஆடுகள் உள்ளே வரும், மறு கதவு வழியே வெளியே போகும். தரமான இனப்பெருக்க ஆடு என்றால் விற்பவரே களத்துக்குள் நின்று தன் ஆடுகளைச் சுற்றிவிட்டுக் காட்டுவார். வாங்குபவர்கள் வாய் திறப்பதே இல்லை. ஒரு விரல் அசைவு, புருவத் தூக்கல், மடக்கிய விற்பனைப் பட்டியலின் சின்ன ஆட்டல். ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் எண்களைப் பாடிக்கொண்டே இவை அத்தனையையும் பார்த்துவிடுகிறார். ஒரு குழு ஆடு விலைபோக ஒரு நிமிடம் எடுத்தால் அதிகம். இறைச்சிக்குப் போகும் குட்டிக்குக் கிலோவுக்கு இத்தனை பென்ஸ் என்று கணக்கு. வளர்ப்புக்குப் போவதற்குத் தலைக்கு இத்தனை பவுண்டு. உயர்ந்த இனக் கிடாக்களுக்குச் சில இடங்களில் இன்றும் கினி கணக்கு உண்டு. ஒரு கினி 1.05 பவுண்டு, அந்த ஐந்து பென்ஸ் ஏலக்கூடத்தின் தரகு. விற்பனை முடிந்ததும் விற்றவர் வாங்கியவரைத் தேடிப் போய்க் கையில் கொஞ்சம் காசு திருப்பித் தருவார். ஆடு நல்லபடியாக விளங்கட்டும் என்று தரும் அதிர்ஷ்டக் காசு. எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். தராதவர் பெயர் அடுத்த விற்பனைக்குள் களம் முழுக்கப் பரவிவிடும்.

யார் யாருக்கு எதை விற்கிறார்கள் என்பதில்தான் ஹெக்ஸமின் தனித்தன்மை இருக்கிறது. பிரிட்டனின் ஆட்டு வளர்ப்பு மூன்று அடுக்கு. மலையுச்சியில் ஸ்வேல்டேல், பிளாக்ஃபேஸ் போன்ற இனங்கள்: கறுத்த முகம், கொம்பு, மழை வழிந்தோடும் முரட்டுக் கம்பளி. காற்றிலும் பனியிலும் பிழைக்கும், ஆனால் உடல் சிறியது, குட்டியும் பெரும்பாலும் ஒன்றுதான். நாலைந்து ஈற்றுக்குப் பிறகு அந்தப் பெட்டை ஆட்டின் பல் தேயும். மலைப்புல்லைக் கடித்துத் தின்ன முடியாது. உடனே கறிக்கு அனுப்பிவிடுவதில்லை. கொஞ்சம் கீழே, புல் மென்மையாக இருக்கும் பண்ணைக்கு விற்பார்கள். அங்கே அதை வேறோர் இனக் கிடாவோடு சேர்க்கிறார்கள். அந்தக் கிடா புளூஃபேஸ்டு லெஸ்டர்.

இந்தக் கிடாவைக் கிட்டத்தில் பார்த்தால் மறக்க முடியாது. நெற்றியிலிருந்து மூக்கு வரை வில்லாக வளைந்த நீண்ட முகம், நிமிர்ந்த பெரிய காதுகள், முகத்தில் கம்பளியே இல்லை. வெள்ளை மயிருக்கு அடியில் தோலின் கருநீலம் தெரியும். மெல்லிய சுருள் கம்பளி. மலையில் விட்டால் தாங்காது. ஆனால் இரட்டைக் குட்டி தரும் குணமும் பாலும் உடல் நீளமும் இதன் வழியாக இறங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனம் உருத்திரண்டது ஹெக்ஸம் வட்டாரத்தில்தான். ஒரு காலத்தில் இதற்குப் பெயரே ஹெக்ஸம் லெஸ்டர்.

மலைத் தாய்க்கும் இந்தக் கிடாவுக்கும் பிறக்கும் பெட்டைக் குட்டியை 'மியூல்' என்கிறார்கள். தாயின் உரம், தந்தையின் வளம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஹெக்ஸமில் நடக்கும் மியூல் விற்பனைகளுக்குத் தெற்கிலிருந்து சமவெளி விவசாயிகள் லாரியோடு வருவார்கள். அவர்கள் மியூலை டெக்செல் அல்லது சஃபோக் கிடாவோடு சேர்த்துப் பெறும் குட்டிதான் கடைசியில் கறிக்கடைக்குப் போகிறது. ஆக, மலைக்காரர் ஆண்டு முழுதும் பட்ட பாட்டுக்குப் பெரும்பாலான காசு இந்தச் சில வாரங்களில்தான் வரும். கம்பளி கணக்கிலேயே இல்லை. பல ஆண்டுகளில் மயிர் கத்தரிக்கும் கூலிக்குக்கூட அது கட்டவில்லை. அந்த இலையுதிர்கால விலையைப் பொறுத்தே டிராக்டர் பழுது பார்ப்பவர், தீவன வியாபாரி, கால்நடை மருத்துவர், கணக்காளர் எல்லாருடைய பாக்கியும் தீரும்.

இத்தனை நெருக்கமான வலைக்கு ஆபத்தும் உண்டு. 2001-இல் அது தெரிந்தது. ஹெக்ஸமுக்குக் கிழக்கே, ஹெடன் ஆன் த வால் என்ற ஊரில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் தீவனத்தோடு கோமாரி நோய் நுழைந்தது. காற்றோடு பக்கத்து ஆடுகளுக்குப் போனது. பிப்ரவரி 13 அன்று அந்த ஆடுகளில் சில ஹெக்ஸம் ஏலக்கூடத்துக்கு வந்தன. இரண்டு நாளில் வியாபாரிகள் வழியே கம்ப்ரியாவின் லாங்டவுனுக்கு, நாட்டின் மிகப் பெரிய ஆட்டுச் சந்தைகளில் ஒன்றுக்கு, நோய் போய்ச் சேர்ந்தது. ஆட்டில் கோமாரியின் அறிகுறி அவ்வளவாக வெளியே தெரியாது. வாயைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணமும் இல்லை. எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தின் பன்றிகளில் நோய் உறுதியானது பிப்ரவரி 20 அன்று. கால்நடைகளை இடம் மாற்றத் தடை வந்தது 23 அன்று. அதற்குள் ஆடுகள் நாடெங்கும் போய்விட்டிருந்தன.

பிறகு நடந்ததை அந்த வட்டாரத்தில் யாரும் லேசாகப் பேசுவதில்லை. 2,026 பண்ணைகளில் நோய் உறுதியானது. நோய் வந்தவை, வந்திருக்கலாம் என்று அஞ்சியவை, பக்கத்துப் பண்ணையில் இருந்த ஒரே குற்றத்துக்காகச் சேர்த்தவை என 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். ராணுவம் இறங்கியது. மே 3-இல் நடத்த எண்ணியிருந்த தேர்தலை ஜூன் 7-க்குத் தள்ளிவைத்தார்கள். நடைபாதைகளை மூடியதில் விவசாயத்தோடு சுற்றுலாவும் விழுந்தது. எல்லாம் அடங்கியது என்று நினைத்த ஆகஸ்ட் கடைசியில் ஹெக்ஸமுக்குத் தெற்கே, ஆலண்டேல் பக்கம், மறுபடி கிளம்பியது. கடைசியாக நோய் உறுதியானது செப்டம்பர் 30 அன்று கம்ப்ரியாவில்.

ஆட்டுக்கு அரசு இழப்பீடு தந்தது. ஆனால் ஒன்றை விலை கொடுத்து வாங்க முடியவில்லை. வேலியில்லாத மலையில் ஒவ்வொரு மந்தைக்கும் தன் எல்லை தெரியும்: எந்த ஓடை வரை போகலாம், பனிப்புயல் வந்தால் எந்தச் சரிவில் ஒதுங்கலாம் என்று. குட்டி தாயின் பின்னே திரிந்து கற்றுக்கொள்வது அது. தலைமுறை தலைமுறையாக வருவது. மந்தையைக் கொன்றால் அந்த அறிவும் சேர்ந்து போகிறது. புதிதாக வாங்கிய ஆடுகளை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திவைக்கவே சிலர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். பேரழிவுக்குப் பிறகு வந்த விதிகளில் முக்கியமானது: ஒரு பண்ணைக்கு வெளியிலிருந்து கால்நடை வந்தால், அடுத்த ஆறு நாளுக்கு அங்கிருந்து மாடோ ஆடோ வெளியே போகக் கூடாது. இன்று வாங்கி நாளை இன்னொரு சந்தையில் விற்கும் வியாபாரம் அதோடு கட்டுக்குள் வந்தது. விவசாயிகளுக்கு இது தொல்லைதான். ஆனாலும் சரியான விதி.

ஏலக்கூடத்தை இழந்த ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் பேன்பரி உதாரணம். ஐரோப்பாவின் மிகப் பெரிய கால்நடைச் சந்தை என்று பேர் வாங்கிய இடம், 1998-இல் மூடிவிட்டார்கள், இப்போது அந்த மனையில் வீடுகள். ஊர் சாகவில்லை. லண்டனுக்கு ரயிலேறிப் போகிறவர்கள் வந்தார்கள். ஆனால் சுற்றியுள்ள கிராமத்து விவசாயிக்கு அந்த ஊருக்கு வாரம் ஒரு முறை வர இருந்த காரணம் போய்விட்டது. ஹெக்ஸமிலும் நியூகாசிலுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பெருகி வருகிறார்கள். வீட்டு விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போகிறது. ஏலக்கூடம் இருப்பதால் மட்டும் இது நிற்காது. ஆனால் விற்பனை நாளில் ஊருக்குள் சேற்று பூட்ஸோடு நடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காகக் கடைகளும் இருக்கின்றன. வாரம் முழுக்க நாயையும் ஆட்டையும் தவிர யாரையும் பார்க்காத மனிதர்கள் உண்டு. அன்று உணவகத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். வட இங்கிலாந்தின் பல ஏலக்கூடங்களில் செவிலியர்கள் வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மனநிலையை விசாரிக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகாதவர்கள் அங்கே கையை நீட்டுகிறார்கள். இதையெல்லாம் எந்த விலைப்பட்டியலிலும் எழுத முடியாது.

இப்போதைய நெருக்கடி விலையால் வந்ததல்ல. 2024-இல் குட்டி விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. நெருக்கடி மானியத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை நிலப்பரப்பைக் கணக்கிட்டுத் தந்த நேரடிப் பணம் மலைப் பண்ணைகளின் லாபத்தில் பெரும் பங்கு. பல பண்ணைகளில் லாபமே அதுதான். வெளியேறிய பிறகு இங்கிலாந்து அதைப் படிப்படியாக வெட்டி 2027-க்குள் நிறுத்துகிறது. பதிலுக்கு, இயற்கையைப் பேணினால் பணம் என்று புதிய திட்டங்கள் வந்தன. சதுப்பு நிலத்தைக் காப்பதற்கும் மரம் நடுவதற்கும் ஆட்டைக் குறைப்பதற்கும் பணம். நோக்கத்தில் தவறில்லை, மிதமிஞ்சிய மேய்ச்சல் பல மலைகளை மொட்டையடித்தது உண்மை. ஆனால் பழையது போகிற வேகத்தில் புதியது வரவில்லை. 2025 மார்ச் 11 அன்று, அந்தப் புதிய திட்டங்களில் ஒன்றான நிலைத்த விவசாய ஊக்கத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்களை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தினார்கள். நம்பித் திட்டம் போட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

மேலே ஒரு பண்ணை மந்தையைப் பாதியாக்கினால், இறங்கி வரும் பெட்டை ஆடு பாதியாகும். இடைமேட்டில் மியூல் பாதியாகும். தெற்கத்தி லாரிகள் வேறு ஊர் பார்க்கும். ஏலக்கூடம் தரகில் வாழ்வது. குறிப்பிட்ட தலை எண்ணிக்கைக்குக் கீழே போனால் விளக்கெரியும் செலவுக்கே கட்டாது. கொள்கை வகுப்பவர்கள் பண்ணை பண்ணையாகக் கணக்குப் பார்க்கிறார்கள், ஒரு மலைக்கு எத்தனை ஆடு தாங்கும் என்று கேட்கிறார்கள். ஓர் ஏலக்கூடம் நிற்க எத்தனை ஆடு வேண்டும் என்ற கேள்வியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நார்த்தம்பர்லாண்டில் அதற்கு விடை தெரிந்தவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் டைன் கிரீன் சாலையில்தான் கூடுகிறார்கள்.